தீவாகிப் போன வீடு

தனித் தீவு ஒன்றில் வாழக் கிடைத்தால் எவ்வளவு நிம்மதி என்று எண்ணாதவர் குறைவு. திருடன் வர வழியில்லை. அண்டை வீட்டாரின் தொல்லை இல்லை. சுற்றிலும் கடலே காவல். திண்டிவனத்தில் சந்தடி மிக்க தெரு ஒன்றில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கும் அந்த ஆசை உண்டு. அந்த ஆசையின் விலை இன்னதென்று 2024 டிசம்பர் 2ஆம் நாள் அறிந்துகொண்டேன்.

என் தமக்கையின் மகன் மாலத்தீவில் பணிபுரிகிறான். அங்கே ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ளன. குடிமக்கள் வாழ்பவை 200 அளவுதான். குடியில்லாத தீவுகளை அரசு குத்தகைக்கு விட, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறையில் உல்லாச விடுதிகள் நடக்கின்றன. 1972இல் தொடங்கிய தொழில் இது. விடுமுறையில் வந்திருந்த அவனைக் காண, விழுப்புரத்தை அடுத்துத் தென்பெண்ணைக் கரையோரம் இருக்கும் அக்காள் வீட்டுக்கு நவம்பர் 29 அன்று சென்றேன். சர்க்கரை நோயாளியான எங்கள் அம்மாவும் அங்கேதான் இருந்தார்.

"உங்கள் தீவில் திருட்டுப் பயம் இராதே?" என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

"மாமு, தீவில் திருடனை யாரும் நினைப்பதில்லை. குடிநீர் உண்டா, மின்னாக்கிக்கு டீசல் உண்டா, படகு ஆயத்தமாக இருக்கிறதா, மருத்துவர் இருக்கும் தீவு எவ்வளவு தொலைவு என்பதுதான் எங்கள் கவலை. அபாய மணி அடித்தால் எல்லோரும் ஓரிடத்தில் கூடித் தலை எண்ண வேண்டும். வருகிற வழியைவிட வெளியேறும் வழியைத்தான் முதலில் கற்றுத் தருவார்கள்" என்றான்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அந்நாட்டுத் தீவுகள் பலவற்றில் கிணறுகள் உவர்நீராகிப் போனதையும் சொன்னான். சுற்றிலும் நீர்; குடிக்க ஒரு குவளை இல்லை. மணலுக்கடியில் மெல்லிய படலமாய்த் தேங்கும் மழைநீரே அங்குள்ள கிணறுகளுக்கு ஊற்று. கடல் ஒருமுறை ஏறினால் அது கெட்டுவிடும்.

14ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளில் காஜியாக இருந்துவிட்டு, பின்னர் நம் தமிழகக் கரைக்கும் வந்த இப்னு பதூதாவின் நினைவு எனக்கு வந்தது. அம்மக்கள் மரத்தால் வீடு கட்டி, ஈரத்துக்கு அஞ்சித் தரையை உயர்த்தி அமைப்பதை அவர் குறித்து வைத்திருக்கிறார். தீவில் வாழ்வோர் தற்காப்பை மதிலில் தேடவில்லை; தளத்தின் உயரத்தில் தேடினர்.

நானோ மதிலில் தேடியவன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அக்காள் வீட்டில் சிறு களவு ஒன்று நடந்தது. பின்கட்டை ஒட்டி, அண்டை வீட்டுக்காரர் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போகும் பொதுப்பாதை ஒன்று இருந்தது. "அதை அடைத்து ஆளுயரத்துக்கு மேல் மதில் எழுப்புங்கள், மச்சான், மேலே கண்ணாடிச் சில்லு பதியுங்கள்" என்று வற்புறுத்தியவன் நானே. மச்சான் அவ்வாறே செய்தார். அண்டை வீட்டுக்காரர் சண்டையிடவில்லை. அன்றுமுதல் மாடுகளைச் சுற்றுவழியில் ஓட்டினார். பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. நான் திண்டிவனம் திரும்ப வழியில்லை. திங்கள் விடியலில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அரசூரில் நெடுஞ்சாலையை வெள்ளம் மூடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தை நீர் தொட்டதால் இரயில்கள் நின்றன. எங்கள் தெரு ஆறாயிற்று, வீடு தீவாயிற்று.

மருமகன் கலங்கவில்லை. மின்சாரத் தலைவிசையை அணைத்தான். எரிவாயு உருளையை மூடினான். குடிநீர்க் குடங்களையும் பத்திரங்களையும் மாடிக்கு ஏற்றினான். ஒதுங்க மேடு தேடிப் பாம்பு வரும் என்று படிகளில் விளக்கு வைத்தான். குளிர்பெட்டி நின்றுபோனதால், அம்மாவின் இன்சுலின் குப்பிகளைச் சிறு மண்கலயத்தில் இட்டு ஈரத்துணி சுற்றினான். பின்பு எங்களை நிறுத்தித் தலை எண்ணினான்: ஆறு பேர். "மாமு, வெளியேறும் வழி எது?" என்று கேட்டான்.

முன்வாசலில் இழுப்பு. பின்புறம் மேட்டு நிலம் கண்ணுக்குத் தெரிந்தது. இடையில் நான் எழுப்பச் சொன்ன மதில், அதன்மேல் கண்ணாடிச் சில்லு. தெருப்பக்கம் புகுந்த நீரை வெளியேற விடாமல் அதே மதில் தேக்கியும் வைத்தது. முற்றத்தில் நீர் இடுப்பளவு ஏறிற்று. அம்மா மாடியில் தஸ்பீஹை உருட்டியபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. அதனாலேயே அதைத் தாங்க இயலவில்லை.

அப்போது மதிலுக்கு அப்பால் கடப்பாரை இடிக்கும் ஓசை கேட்டது. "பாய், கொஞ்சம் தள்ளி நில்லுங்க!" நான்கு ஆண்டுகளாகக் கேளாதிருந்த குரல். மதில் ஓரிடத்தில் பிளந்தது. மாடு கட்டும் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு அண்டை வீட்டுக்காரரும் அவர் மகனும் உள்ளே வந்தனர். அம்மாவைத் தோளில் சுமந்தவர் அவர்தான். கலயத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பின்னே நடந்தவன் நான். மேட்டில் நின்று மருமகன் மீண்டும் எண்ணினான். ஆறும் சரியாக இருந்தது.

அன்றிரவு அவர் வீட்டுத் திண்ணையில் கஞ்சி குடிக்கும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தி, "அம்மா மருந்து போட்டுக்கிட்டாங்களா?" என்றார். அதற்குமேல் பேச எனக்கு நா எழவில்லை.

நீர் வடிந்தபின், கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டார்கள். மதிலைச் செப்பனிடக் கொத்தனார் வந்தபோது மச்சான் உடைந்த இடத்தை அடைக்க விடவில்லை. அங்கே ஒரு மரக்கதவு வைத்தார். அதற்குப் பூட்டு இல்லை. காலையில் மாடுகள் மீண்டும் அவ்வழியே போகின்றன.

நம் இல்லங்கள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு நாள் தீவாகக்கூடும். வெள்ளமோ, நோயோ, நள்ளிரவில் ஒரு நெஞ்சுவலியோ போதும். குடிநீர், மருந்து, விளக்கு, உயர்ந்த தளம் ஆகியவற்றை முன்கூட்டியே அமைத்துக்கொள்வது அறிவு. ஆயினும், மதிலுக்கு அப்பால் நம் குரல் கேட்டதும் ஓடிவர ஒருவர் வேண்டும். அந்த உறவை வெள்ளம் வந்த அன்று தேடினால் கிடைக்காது. எனக்குக் கிடைத்தது, நான் சேர்த்து வைத்ததனால் அன்று. அவர் இழக்காமல் வைத்திருந்ததனால்.