மும்பாயில் ஒரு வாயிலும் ஒரு குகையும்

முன்னாளிற் பம்பாய் என வழங்கிய மும்பாய்க்குச் செல்வோர் முதலிற் காண விழைவது, கடலோரத்தில் ஓங்கி நிற்கும் 'இந்தியாவின் நுழைவாயில்' ஆகும். 1911 இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அங்கு வந்திறங்கியதன் நினைவாக எழுப்பப்பட்ட இக்கல்வாயில் 1924 இலேயே திறக்கப்பட்டது. காலத்தின் கோலத்தைப் பாருங்கள்! 24 ஆண்டுகள் நிறையுமுன், 1948 பெப்ரவரி 28 ஆம் நாள், கடைசிப் பிரித்தானியப் படையினர் இவ்வாயில் வழியாகவே விடைபெற்றுக் கப்பலேறினர்.

அவ்வாயிலின் அருகிலிருந்தே எலிபண்டாத் தீவுக்குப் படகுகள் புறப்படுகின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அத்தீவிலிருந்த கல்யானையைக் கண்டு போர்த்துக்கேயர் இட்ட பெயரே எலிபண்டா என்பது. அந்த யானை இன்று நகரின் பைக்குலாப் பகுதியிலுள்ள பூங்காவில் நிற்கின்றது.

படகிறங்கிப் படிகளேறினால், ஆறாம் நூற்றாண்டளவில் மலையைக் குடைந்து அமைத்த சிவாலயத்தைக் காணலாம். வாயிலருகேயுள்ள நடராசர் உருவின் கைகால்கள் முறிந்துள்ளன. போர்த்துக்கேயர் காலத்து அழிவு அது என்பர். நல்லூர்க் கோயிலை அவர்கையில் இழந்த நமக்கு அவ்வேதனை புதிதன்று. எனினும், உள்ளே ஏறத்தாழ 20 அடி உயரமான மும்முகச் சதாசிவ மூர்த்தம் பெரும்பாலும் ஊறின்றி விளங்குகின்றது. ஒருபால் உக்கிரம், மறுபால் பெண்மையின் மென்மை, நடுவே கண்மூடிய பேரமைதி. அதன்முன் நிற்போர் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வர்.

மும்பாய் செல்லும் மாணவர்கள் நுழைவாயிலோடு திரும்பிவிடலாகாது. அரசின் பெருமைக்கென எழுந்த கல்லையும் அன்பினாற் செதுக்கிய கல்லையும் ஒரே நாளிற் கண்டு ஒப்புநோக்கலாம். திங்கட்கிழமைகளிற் குகை மூடப்பட்டிருக்கும் என்பதை நினைவிற் கொள்க.