சேர்க்காத எண்

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கியவன் நான். பழைய ஆட்டக்காரர்களைத் தேடித் தேடிச் சேர்த்தவனும் நான்தான். ஒருவனை மட்டும் சேர்க்கவில்லை. எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். அவன் எண் என்னிடம் இருந்தது. இருவரும் வியாசர்பாடி எம்.கே.பி. நகர்க்காரர்கள். அவன் வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போவேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கால்பந்துக்காக வியாசர்பாடியைச் சின்ன பிரேசில் என்பார்கள். எங்களுக்கோ பந்துதான் வேலைக்கு வழி. ஐ.சி.எஃப்., ரயில்வே, துறைமுகம், வங்கி என்று ஏதாவது ஓர் அணி எடுத்துக்கொண்டால் குடும்பமே கரையேறும். அதற்கும் வயது உண்டு. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டில் 25 தாண்டினால் தாண்டியதுதான், தளர்வு கிடையாது. டிரையல்ஸ் சேதி எங்களுக்கு வாய்வழியாகத்தான் வரும். ஒருவன் காதில் விழுந்தால் எல்லோருக்கும் சொல்லிவிடுவான். அதுதான் எங்களுக்குள் இருந்த நாணயம்.

அப்படி ஒரு சேதி என் காதில் விழுந்தது. ஒரு நிறுவன அணிக்கு ரைட் விங் ஆள் தேவை. "அவன்கிட்டயும் சொல்லிடு" என்றார் பயிற்சியாளர். அவனும் ரைட் விங், நானும் ரைட் விங். கல்லூரி அணியில் அவன் ஆடுவான், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். அன்று மாலை முல்லை நகர் மைதானத்தில் சேர்ந்து ஆடினோம். தெருமுனை வரை பேசிக்கொண்டே நடந்தோம். சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. அவன் வந்தால் எனக்கு இடமில்லை என்று தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. அவனுக்கு வயது கடந்தது. கன்டெய்னர் லாரியில் கிளீனராகப் போய் டிரைவரானான். எண்ணூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குள் நுழைய மணிக்கணக்கில் நிற்கும் வரிசையில் அவன் இரவுகள் கழிந்தன. என் பிள்ளைகள் குவார்ட்டர்ஸில் வளர்ந்தார்கள்.

அவனைக் குழுவில் சேர்த்தால் பேச்சோடு பேச்சாக அந்த டிரையல்ஸ் கதை வெளியே வரும். அதற்குப் பயந்தேன். வேலை கிடைக்காதவனுக்கு நண்பர்களாவது மிஞ்சியிருக்கலாம். அதையும் நான் விட்டுவைக்கவில்லை.

2023 ஆகஸ்ட் 12. டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் ஒரே கோலில் வென்றது. அடித்தவர் எங்கள் வியாசர்பாடி நந்தகுமார் சேகர். அவரும் விங் ஆட்டக்காரர். குழுவே கொண்டாடியது. ஒருவன் அவனை நினைத்துக்கொண்டான். "இதைப் பார்க்க அவன் இருந்திருக்கணும்டா. நம்மளை மறந்துட்டான் போல" என்று எழுதினான்.

"ஆமா மச்சான், அவன் மாறிட்டான்" என்று பதில் போட்டேன். டிரையல்ஸை மறைத்ததைவிட இதைத்தான் நான் கேவலமாக நினைக்கிறேன். அப்போது எனக்கு வயிற்றுப் பிழைப்பு என்ற சாக்காவது இருந்தது. இந்த வரிக்கு எந்தச் சாக்கும் இல்லை.

பிறகு ஒருநாள் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். அன்றே அவன் வீட்டுக்குப் போய் நேரிலும் சொன்னேன். நடுவில் அவன் பேசவில்லை. முடித்ததும், "நான் வந்திருந்தா எடுத்திருப்பாங்களாடா?" என்று கேட்டான்.

"உன்னைத்தான் எடுத்திருப்பாங்க."

குழுவில் சேர்க்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றான். இப்போது மற்றவர்கள் அவன் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். எனக்குச் சொல்வதில்லை.