பிரஷ் போகுமா?

கட்டடத்தின் கணினி மாடலில் எது எதோடு மோதுகிறது என்று பார்க்கும் கிளாஷ் டெஸ்ட் வைக்கச் சொன்னால் பலரும் மொத்த மாடலையும் மொத்த மாடலோடு மோதவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் மோதல் வந்ததும் மலைத்துப்போகிறார்கள். நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருளில் ஒரு பக்கம் உத்திரம், மறுபக்கம் ஏசி டக்ட் என்று ஜோடி ஜோடியாக வைத்தாலே பாதித் தலைவலி போய்விடும். மீதி, டாலரன்ஸ் எவ்வளவு என்பதில்.

ராமநாதபுரத்துக்காரனான எனக்கு, முட்டுவதை மட்டும் பிடிக்கும் 'ஹார்ட்' சோதனையைவிட, இடைவெளி போதாததையும் பிடிக்கும் 'கிளியரன்ஸ்' சோதனைதான் முக்கியம். முட்டாமல் இருந்தால் போதும் என்பது மதுரைக்குச் சரி, உப்புக்காற்றுக்கு ஆகாது. 1914-ல் கடல்மேல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருவோடு ஓயாத மல்லுக்கட்டாக இருந்தது. புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு எல்லாம் உண்டு. ராமேஸ்வரத்து லாட்ஜுக்கு அதற்கெல்லாம் பணம் ஏது? குழாய்க்கும் இரும்பு உத்திரத்துக்கும் நடுவே பெயிண்டர் கை பிரஷோடு நுழையுமா? அந்த இடைவெளியைத்தான் மில்லிமீட்டரில் டாலரன்ஸாகப் போட்டுச் சோதிக்கச் சொல்கிறேன்.

2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலம் இன்னும் சுவாரசியம். அதன் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலேறும், எதிர்எடைகள் கீழிறங்கும். இப்படி நகர்வதை இறக்கிய நிலையில் மட்டும் சோதித்தால் மாடல் பரம சாதுவாகத் தெரியும். அனிமேஷனோடு டெஸ்ட்டை இணைத்து ஓட்டினால்தான் நடுவழியில் எது எதை உரசுகிறது என்று பிடிபடும். 'ஸ்டெப்' நேரத்தைச் சின்னதாக வையுங்கள். பெரிதானால் மோதும் கணத்தையே தாண்டிவிடும். கம்ப்யூட்டர் முக்கும். முக்கட்டும்.