குஞ்சு காக்கும் விரால்

விரால் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். செவுளால் எடுக்கும் காற்று அதற்குப் போதாது. தலைக்குள், செவுளுக்கு மேலே இருக்கும் அறையில் வெளிக்காற்றை நிரப்பிக்கொள்ளாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி பக்கத்து ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்கள் கரையில் உட்காரும் இடம், இரையாகத் தவளையை வீசும் இடம், வீசாமல் பொறுத்திருக்கும் நேரம் எல்லாமே அந்த ஒரு வாய்க் காற்றை வைத்துத்தான்.

சர்க்கரை ஆலையைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் இருளர் பெரியவர் ஒருவருடன் நடந்தேன். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் ஏரி மீன் பிடிப்பதில் இருளர்களுக்கு இருக்கும் கைப்பழக்கத்தைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. அவர் கையில் ஒரே ஒரு மூங்கில் கழி. பச்சையாக வெட்டி, நிழலில் காயவைத்து, அனலில் வாட்டி நேராக்கியது. நுனியில் தங்கூசி நரம்பு, அதன் முனையில் முள். கெண்டைக்குப் போடும் தூண்டிலில் சோளத்தட்டைத் தக்கையும் ஈயமும் இருக்கும். மண்புழு கோத்தால் போதும். விராலுக்குத் தக்கையும் கிடையாது, ஈயமும் கிடையாது.

இடுப்பில் தொங்கிய சுருக்குப் பையிலிருந்து சிறு தவளை ஒன்றை எடுத்தார். முதுகுத் தோலில் மட்டும் முள்ளை ஏற்றினார். "சதையில ஏறிச்சின்னா செத்துப்போவும் தம்பி. செத்தத அது சீண்டாது." அல்லி இலைகளுக்கு நடுவே தண்ணீர் தெரிந்த ஒரு இடைவெளியைக் காட்டினார். சற்று முன் 'பொளக்' என்று சத்தம் வந்தது அங்கிருந்துதான். உடனே வீசவில்லை. மூச்சு வாங்கிய மீன் எந்தப் பக்கம் திரும்பியது என்று இலைகள் அசைந்த திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதற்கு முன்னால் தவளையை இறக்கி, கழி நுனியை மெல்லத் தட்டித் தட்டி நீந்தவிட்டார்.

தண்ணீர் வெடித்தது. நானாக இருந்தால் அப்போதே இழுத்திருப்பேன். அவர் நரம்பைத் தளர்த்தினார். விரால் முதலில் கவ்வும், கவ்வியபடியே கீழே போகும், அதன்பிறகுதான் விழுங்கும். கவ்வும்போது சுண்டினால் முள் வெறுமனே வந்துவிடும். "முழுங்கட்டும், முழுங்கட்டும்" என்று முணுமுணுத்தவர், நரம்பு விறைத்து நகரத் தொடங்கியதும் ஒரே வீச்சில் கரைக்கு ஏற்றினார். கொடிக்குள் புகுந்துவிட்டால் நரம்பும் போய்விடும், மீனும் போய்விடும்.

கோடையில் ஏரி வற்றி முழங்கால் தண்ணீர் நிற்கும்போது தூண்டிலுக்கு வேலையில்லை. அப்போது ஊத்தா. மேலே குறுகி, கீழே அகன்ற மூங்கில் கூடு. சேற்றில் குத்திக்கொண்டே போய், உள்ளே மீன் முட்டுவது தெரிந்ததும் மேல்வாய் வழியே கையை விட்டுப் பிடிப்பார்கள். ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் விராலைக்கூட இந்தக் கைகள் கண்டுபிடித்துவிடும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. அப்படி ஏரிகள் நிரம்பி வழிந்து கோடி போகும் காலத்தில் மீன் ஓடை வழியாக ஏரி விட்டு ஏரி மாறும் என்றார் பெரியவர். மழைக்காலம்தான் விரால் இனம் பெருக்கும் காலமும்.

நான் இதை எழுதுவதே அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லத்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் தூண்டில்காரர்கள் உயிராய் விரும்பும் வால்ஐ என்ற மீன், மங்கிய வெளிச்சத்திலும் இரை தேடும் கண் கொண்டது. ஆனால் கூழாங்கல் பரப்பில் முட்டையைத் தூவிவிட்டுத் தன் வழியே போய்விடும். விரால் அப்படிப் போகாது. கொடிகளை விலக்கி இடம் ஒதுக்கி முட்டையிட்டு, பொரிந்த செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும்போது கீழேயே காவல் நிற்கும். பெரும்பாலும் ஆண்தான். பக்கத்தில் எது அசைந்தாலும் பாய்ந்து கடிக்கும். பசியால் அல்ல, காவலால்.

இதைத் தெரிந்துகொண்டு, சுருள் பூட்டிய கழியால் குஞ்சுக் கூட்டத்தின் நடுவிலேயே ரப்பர் தவளையை வீசுகிறவர்கள் இப்போது வருகிறார்கள். அந்த மீனைப் பிடிக்கத் திறமையே வேண்டாம். அது போனால் காவலற்ற குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையே போகிறது. பெரியவர் செந்நிறத்தைக் கண்டதும் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போனார்.

மீன்பாசியை, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுப்பவர்களுக்கு இதில் அக்கறை இருக்காது. அவர்கள் விடுவது கட்லா, ரோகு குஞ்சுகளை. அவற்றைத் தின்னும் விரால் ஒழிந்தால் அவர்களுக்கு லாபம். கிழக்குக் கரையோரக் கடலில் மீன் பெருக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை வைத்திருக்கிறோம். ஏரி ஏலத்தின் நிபந்தனைகளிலும் ஒரு வரி சேர்க்கலாம்: குஞ்சோடு நிற்கும் விராலைத் தொடக் கூடாது. கண்காணிக்கத் தனியாக ஆள் தேட வேண்டியதில்லை. அந்த ஏரிகளை இருளர் குடும்பங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாருமில்லை. கூலி கொடுத்து அவர்களையே அமர்த்தலாம்.