திருப்புலி நாட்டு மர்மச் செடி!

கொல்லிமலைக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு என் முதல் அட்வைஸ்: காரவள்ளி அடிவாரத்தில் வயிறு முட்ட இட்லி சாப்பிடாதீர்கள். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதாவது வளைவில் பக்கத்து ஸீட் இளைஞர் என்னிடம் ஜன்னலோரம் கேட்டார். பெருந்தன்மையாகக் கொடுத்தேன். நாற்பத்தைந்தாவது வளைவில் கெஞ்சித் திரும்ப வாங்கினேன்!

நான் போனது அருவி பார்க்கவோ, அறப்பளீஸ்வரரைக் கும்பிடவோ அல்ல. ஒரு செடியைப் பார்க்க. திருப்புலி நாட்டில் வாடகைக்கு இருக்கும் என் நண்பன் போன் செய்திருந்தான். (நாடு என்றதும் பாஸ்போர்ட் தேடாதீர்கள். கொல்லிமலையில் பல ஊராட்சிகளின் பெயரே 'நாடு' என்றுதான் முடியும்.)

"வாசல்ல ஒரு செடி இருக்குடா. ரெண்டு வருஷமா வளர்க்கிறேன். பேர் தெரியலை. பூக்கவும் மாட்டேங்குது. நீ வந்து பாரு."

"நான் பி.காம். படிச்சவன்டா..."

"பத்திரிகையில எழுதறே இல்ல?"

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்ப இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு பேரைக் கைவிடலாமா?

செடி இடுப்பு உயரம். பளபளவென்று கரும்பச்சை இலை. ஸ்கூல் காம்பவுண்டில் இருக்குமே, அந்த மாதிரி உருண்டையாகக் கத்தரித்து வைத்திருந்தான். நண்பன் வங்கி ஊழியன். டைப் அடித்த லெட்டரில் ஓரம் கோணலாக இருந்தால்கூடத் தூக்கம் வராது. செடியை விடுவானா? சனிக்கிழமை தோறும் கட்டிங். தினமும் காலையில் ரெண்டு பக்கெட் தண்ணீர். வெயில் பட வேண்டும் என்று, பக்கத்தில் நின்ற சில்வர் ஓக் மரத்தின் கிளைகளை ஆள் வைத்து வெட்டியிருந்தான்.

"எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான். இந்த ரெண்டு மாசத்துல ஒழுங்காப் பூக்கலைன்னா வெட்டி எறிஞ்சிட்டு, பைக் நிறுத்த ஷெட் போடப் போறேன்" என்றான். பாசம் அதிகமானவர்களுக்குக் கோபமும் அதிகம்.

விசாரணையை ஆரம்பித்தேன். முதலில் ஒரு இலையைக் கிள்ளினேன். பால் வரவில்லை. அப்பாடா, அரளி ஜாதி இல்லை! (அரளி என்றால் விஷம். பெயர் தெரியாத செடியை எக்காரணம் கொண்டும் வாயில் வைத்துப் பார்க்காதீர்கள்.) இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே. ரெண்டு காம்புக்கும் நடுவே தண்டில் குட்டியாக ஒரு முக்கோணச் செதில். சென்னையில் என் வீட்டு இட்லிப்பூச் செடியிலும் இதே செதிலைப் பார்த்திருக்கிறேன். அதாவது வெட்சி. சொந்தக்காரச் செடியாகத்தான் இருக்க வேண்டும் என்று அறிவித்தேன். அதோடு என் படிப்பு முடிந்தது.

அடுத்து செல்போன். இலையைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் ஆப் இருக்கிறதே! டவர் கிடைக்கும் திண்ணை ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றதில் மூன்று பெயர்கள் வந்தன. ஒன்று மல்லிகை. ஒன்று நந்தியாவட்டை. மூன்றாவது காபி.

"காபியாம்டா!" என்று ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இத்தனைக்கும் ஊரைச் சுற்றிக் காபித் தோட்டம். அதெல்லாம் ஆள் உயரத்துக்குக் கையை விரித்து நிற்கும். இது பந்து மாதிரி அல்லவா இருக்கிறது?

சரி, முறையாகவே செய்வோம் என்று இலையும் மொட்டுமாக ஒரு கிளையை ஒடித்து, பழைய பேப்பருக்குள் வைத்து, மேலே நண்பனின் தடித்த பேங்க் ரூல்ஸ் புத்தகத்தை ஏற்றினேன். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. இப்படிக் காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டி, பெயர் எழுதிப் பத்திரப்படுத்தும் இடம். 1967-ல் அதைத் தொடங்கிய பாதிரியார் கே.எம்.மேத்யூ, தமிழ்நாட்டுச் சமவெளியும் கிழக்கு மலைகளும் சுற்றித் தாவரங்களைப் பெரிய பெரிய வால்யூம்களாக எழுதி வைத்தவர். 2004-ல் காலமானார். அங்கே காட்டிக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த நேரத்தில் பின்கட்டிலிருந்து ஆயா வந்தார். வீட்டுக்காரம்மா. எழுபது வயதிருக்கும். பேப்பருக்குள் எட்டிப் பார்த்தார்.

"காப்பிக் கொப்பை எதுக்கு கண்ணு பொஸ்தகத்துக்குள்ள வைக்கிறீங்க?"

நண்பனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

"ஆயா... இது காபின்னு ரெண்டு வருஷமா ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே சாமி. தெனமும் குடம் குடமா ஊத்தி, முடி வெட்டி, இம்புட்டுப் பிரியமாப் பாத்துக்கறீங்க. என்னன்னு சொல்றது?"

மெல்ல மெல்ல மற்றதையும் சொன்னார். மகள் கல்யாணத்துக்காகக் காபித் தோட்டத்தை விற்றாகிவிட்டது. மிஞ்சியது வாசலில் நின்ற இந்த ஒரு செடி. வருஷா வருஷம் அதில் கிடைக்கும் பழத்தைக் காயவைத்து, தானே வறுத்து, உரலில் இடித்துக் குடிப்பாராம். இந்த ரெண்டு வருஷமாக? கடையில் பாக்கெட் தூள்.

நண்பன் எதுவும் பேசவில்லை. கத்தரியை எடுத்துப் பரண்மேல் போட்டான்.

விஷயம் இதுதான். காபிக்கு ஒரு பட்டினி வேண்டும். மொட்டு வைத்துவிட்டு, தை, மாசி வறட்சியில் தூங்கும். கோடையின் முதல் நல்ல மழை விழுந்தால்தான் விழிக்கும். எட்டுப் பத்து நாளில் மொத்தமாகப் பூக்கும். தினமும் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினால் எப்போது விழிப்பது என்றே அதற்குத் தெரியாது. அங்கொன்று இங்கொன்றாகப் பூத்து ஏமாற்றும். பூ வருவதும் போன வருஷம் வளர்ந்த பக்கக் கிளையில்தான். அதைத்தான் நம் ஆள் சனிக்கிழமை தோறும் உருண்டையாகக் கத்தரித்தான்! நிழலும் வேண்டும். வெட்டவெளி வெயிலில் நிற்கும் செடியைத் தண்டு துளைப்பான் வண்டுக்கு ரொம்பப் பிடிக்கும். எத்தியோப்பியாவில் காட்டு மரங்களின் கீழே வளர்ந்த பரம்பரை ஆயிற்றே.

அது மாசி மாதம். "இனிமே ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. அடியில சருகைப் போடுங்க. கிட்டப் போகாதீங்க" என்றார் ஆயா. நண்பனுக்கு அது சிகரெட்டை விட்ட மாதிரி. தினமும் எனக்கு மெசேஜ் அனுப்புவான். "இலை தொங்குதுடா." "ஆயா திட்டுவாங்க, ஊத்தாதே." "அரை டம்ளர்?" "கால் டம்ளர்கூடக் கூடாது."

பங்குனிக் கடைசியில் ஒரு ராத்திரி மழை கொட்டியது. ஒன்பதாம் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போன். "வாடா" என்றான். அவ்வளவுதான்.

மறுபடி 70 வளைவுகள். இந்த முறை வெறும் வயிறு.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். தெருமுனையிலேயே வாசனை தூக்கியது. மல்லிகைக்குச் சித்தப்பா மகள் மாதிரி. செடியின் மேல்பாதி, கத்தரி பட்டதெல்லாம் மொட்டையாகத்தான் நின்றது. கத்தரி எட்டாத அடிக்கிளைகளில் மட்டும் கணுவுக்குக் கணு வெள்ளைக் கொத்து. ரெண்டு மூன்று நாள்தான் இந்தப் பூவின் ஆயுள். தேனீக்கள் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆயா கீழே உட்கார்ந்து கொத்துக்களை எண்ணிக்கொண்டிருந்தார். "இந்த வாட்டி ரெண்டு கைப்பிடி தேறும்" என்றார். பழம் சிவக்கக் கார்த்திகை, மார்கழி ஆகும். அஞ்சாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை என்பது கணக்கு. ரெண்டு கைப்பிடிப் பழத்துக்கு எத்தனை டம்ளர் என்று பி.காம். மூளை போட்ட கணக்கை நான் வெளியே சொல்லவில்லை.

நண்பனுக்கு மே மாதம் மாற்றல் உத்தரவு வந்தது. பழம் பார்க்க அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. கிளம்புகிற அன்று, அடுத்து வரப்போகும் வாடகைக்காரருக்காக ஒரு தகரப் பலகையில் பெயின்ட்டால் எழுதிச் செடியருகே நட்டான்:

'இது காபிச் செடி. தண்ணீர் ஊற்றாதீர்கள். கத்தரிக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் பின்கட்டில் ஆயாவைக் கேட்கவும்.'

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்ன கண்ணு எழுதியிருக்குது?" என்று என்னிடம் கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"கேப்பாங்களா?" என்றார்.