மருதமும் பொலிவாரும்

எங்கள் கல்முனைக் கரையில் ஊர்ப்பெயர்கள் பலவும் நிலத்தைப் பார்த்துச் சூட்டப்பெற்றவை. கல்லும் முனையும் சேர்ந்தது கல்முனை, வடக்கே மருதமுனை, தெற்கே சாய்ந்தமருது. சாய்ந்து நின்றதொரு மருதமரமே அவ்வூருக்குப் பெயர் ஈந்தது என்பார் மூத்தம்மா. "மரம் எங்கே?" என்பேன். "பெயரில் இருக்கிறதே, போதாதா மகன்?" என்பார்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் துடைத்துச் சென்றது. சாய்ந்தமருதில் வீடிழந்தோர் பலர் ஊரின் மேற்கே எழுந்த பொலிவேரியன் கிராமத்திற் குடியேறினர். தென் அமெரிக்க விடுதலை வீரர் பொலிவாரை நினைவூட்டும் பெயர்! அடைக்கலம் தந்த பெயரைக் குறை கூறுதல் முறையன்று. ஆயினும் மூத்தம்மாவின் நினைவு வந்தது. அங்கே பிறந்த உறவுப் பிள்ளையிடம், "உன் ஊர் எது?" என்று வினவினேன்.

"சாய்ந்தமருது" என்றான். மருதமரத்தை அவன் கண்டதில்லை.