ஏணைச் சாரன்

“மூத்த புள்ளட சாமான் எல்லாம் இரிக்கிதானே உம்மா. இதுக்குப் பொறகு என்னத்தத் தைக்கிற?”

மகள் கேட்டதில் பிழையில்லை. அவளுக்கு இது இரண்டாவது பிள்ளை. ஏழாம் மாதம் நடக்கிறது. முதல் பிள்ளைக்கு வாங்கிய சின்ன மெத்தை, நுளம்பு வலை, விரிப்புகள் எல்லாவற்றையும் கழுவி, மடித்து, அலுமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்திருக்கிறாள். இரண்டாவது பிள்ளைக்கென்று யாரும் புதிதாகத் தைப்பதில்லை. மூத்ததின் சீலையில் இளையது வளர்வதுதான் எங்கள் வீடுகளின் வழமை. நாலைந்து தரம் துவைத்து மெதுமையான பருத்திச் சீலைதான் பச்சைப் பிள்ளையின் தோலுக்கு உகந்தது என்பதால் அதை ஒரு குறையாகவும் யாரும் நினைப்பதில்லை.

ஆனால் எனது இரண்டாவது பிள்ளைக்கு மூத்தவளின் சீலை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதைச் சொல்லத் தொடங்கினால் போனில் முடியாது. ஆகவே, “சும்மா ஒரு விரிப்பு” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

நாங்கள் மருதமுனை. நெசவு எங்கள் ஊரின் தொழில். வாப்பாவும் தறிக்காரர். 2002இல் மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது வாப்பா அவளுக்கென்று தனியாக வெள்ளைச் சீலை நெய்தார். பாவுக்குக் கஞ்சி போட்டுத்தான் தறியில் ஏற்ற வேண்டும்; இல்லாவிட்டால் நூல் அறுந்துபோகும். அதனால் தறியிலிருந்து இறக்கிய சீலை மட்டை போல விறைத்திருக்கும். உம்மா அதை மூன்று தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கி, கஞ்சியை முழுவதும் போக்கி, வெயிலில் காயவைத்துத்தான் கத்தரிக்கோலை எடுத்தா. பிள்ளை படுக்கும் விரிப்பு, போர்க்கும் துண்டு, இடுப்பில் கட்டும் முக்கோணச் சீலை என்று நாற்பது உருப்படிக்கு மேல் தைத்தா. எனக்கு ஊசி பிடிக்கும் வேலையே இருக்கவில்லை.

மகள் வளர்ந்ததும் உம்மா அவற்றையெல்லாம் துவைத்துப் பெட்டகத்துக்குள் வைத்தா. இடையிடையே காய்ந்த வேப்பிலை. “அடுத்ததுக்கு உதவும்” என்றா.

அடுத்தது வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அன்று எனக்கு ஐந்தாம் மாதம். கடல் வருகிறது என்று சத்தம் கேட்டபோது இவர் மகளைத் தூக்கினார். நானும் உம்மாவும் மேற்கே ஓடினோம். தறிக் கொட்டிலுக்குள் நின்ற வாப்பா பின்னால் வருகிறார் என்றுதான் நினைத்தோம். அந்த ஒரு நாளில் நாடு முழுவதும் 30,000க்கு மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். அதிகம் இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். மூன்றாம் நாள் வாப்பாவின் ஜனாஸாவைக் கண்டெடுத்து அடக்கினோம். கண்டெடுக்கப்படாதவர்கள் எத்தனையோ பேர். அந்த வகையில் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொல்ல வேண்டும். தறி போனது, வீடு போனது, பெட்டகம் போனது.

சம்மாந்துறையில் வாப்பாவின் தங்கை, எங்கள் மாமி, இருந்தா. கடல் எட்டாத ஊர். அங்கேதான் உம்மா இத்தா இருந்தா. புருஷன் வாழ்ந்த வீட்டில் இருக்க வேண்டிய இத்தா. வீடு இல்லாதவ எங்கே இருப்பா? மாமி தன் அறையை ஒழித்துக் கொடுத்தா. வெள்ளைச் சீலை உடுத்து, சுவரைப் பார்த்தபடி உம்மா இருப்பா. தொழுவா, ஓதுவா. பேச்சுக் குறைவு.

பெப்ரவரியில் கிளினிக்குக்குப் போனபோது திரிபோஷா பக்கற்றைத் தந்த மருத்துவமாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டியவற்றையும் சொன்னா. துவைத்து வெயிலில் காயவைத்த பருத்திச் சீலைகள், பிள்ளையைச் சுற்ற இரண்டு விரிப்பு. “இது ரெண்டாவதுதானே, பழசு இரிக்கும்” என்று அவவே பதிலையும் சொல்லிக்கொண்டா. நான் தலையாட்டினேன். வெளியே வந்து வேலியோரம் நின்றுதான் அழுதேன். அதற்கு முந்திய இரண்டு மாதமும் வாப்பாவுக்காகக்கூட அப்படி அழவில்லை.

உம்மாவிடம் சொன்னேன். உம்மா முகத்தைத் திருப்பவில்லை.

“ஒண்டும் தைக்காத மகள். முன்ன வெச்சதெல்லாம் எங்க போன? பொறக்கட்டும், பொறகு பாப்பம்.”

உம்மா தவக்குலைப் பேசவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் பொறுப்பை அல்லாஹ்விடம் விட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததே உம்மாதான். அது பயம். எதையாவது சேர்த்து வைத்தால் மீண்டும் ஏதாவது வந்து வாரிக்கொண்டு போகும் என்ற பயம். எனக்கும் அது இருந்தது. ஆனால் என் வயிற்றில் ஒன்று உதைத்துக்கொண்டிருந்தது. அதற்கு மே மாதத்தில் ஒரு விரிப்பு வேண்டும்.

நிவாரணப் பொதிகளில் உடுப்புகள் வந்தன. கொடுத்தவர்களின் மனதைக் குறைசொல்லக் கூடாது. என்றாலும் எங்கள் வெக்கைக்குக் கம்பளிக் கோட்டை வைத்து என்ன செய்வது? ஒரு பொதியில் இரண்டு கோட்டும், ஒரு கழுத்துப் பட்டியும், நீலப் பூப்போட்ட கட்டில் விரிப்பு ஒன்றும் இருந்தன. அந்த விரிப்பு தனிப் பருத்தி. அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

இவர் எங்கள் வளவு மண்ணுக்குள்ளிருந்து உம்மாவின் தையல் மெசினைத் தோண்டி எடுத்து வந்திருந்தார். மண்ணெண்ணெய் ஊற்றி, துடைத்து, நாலு நாள் பாடுபட்டார். சில்லுச் சுற்றியது, ஆனால் உப்புக் கடித்த இரும்பு நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. ஆகவே கைத்தையல்தான். இஷாவுக்குப் பிறகு, உம்மா படுத்ததும், குசினி விளக்கின் கீழ் இருந்து திருட்டு வேலை போல தைத்தேன். கம்பளிக் கோட்டை வெட்டி உள்ளே வைத்து மெத்தை போல ஒன்றும் செய்தேன். எனக்கே அது பெருமையாக இருந்தது.

காட்டிக் கொடுத்தது மூத்தவள். இரண்டரை வயது. ஒரு நாள் காலை நான் மறைத்து வைத்த விரிப்பை இழுத்துக்கொண்டு உம்மாவின் அறைக்குள் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன். உம்மா அதைக் கையில் வாங்கி, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தா. ஏசுவா என்று நினைத்தேன்.

“இது என்ன தையல்? முடிச்செல்லாம் மேல நிக்கிது. பச்சப் புள்ளட முதுகக் கீறாதா?”

ஊசியைக் கேட்டா. நூலைப் பல்லால் கடித்து அறுத்தா. ஒரு கிழமையாக நான் தைத்த அத்தனையையும் லுஹருக்கு முன்னர் பிரித்துப் போட்டா. பிறகு எனக்குக் காட்டித் தந்தா: ஓரத்தை இரண்டு தரம் மடிக்க வேண்டும்; மடிப்பு பிள்ளை படுக்கும் பக்கத்துக்கு வரக் கூடாது; முடிச்சு எப்போதும் வெளிப்பக்கம்; தையல் அரிசிமணி அளவு. கம்பளி மெத்தையைத் தூக்கி ஒரு மூலையில் போட்டா. “இதுல கெடந்தா புள்ள வேகிடும்.”

உம்மாவின் மனம் மாறியது என்று சொல்லமாட்டேன். பயம் போகவில்லை. கெட்ட தையலைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க அவவால் முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து சுவரைப் பார்த்து இருந்தவ மடியைப் பார்த்து இருந்தா.

நீலப் பூ விரிப்பு முக்கோணச் சீலைகளுக்கே முடிந்துவிட்டது. மே மாதத் தொடக்கத்தில், நான்கு மாதமும் பத்து நாளும் நிறைந்து, உம்மாவின் இத்தா முடிந்தது. குளித்து, நிறச் சீலை உடுத்து வந்தவ, இத்தாவுக்கு உடுத்த வெள்ளைச் சீலைகள் இரண்டைக் கொதிநீரில் ஊறப்போட்டா. எதற்கென்று எனக்குப் புரிந்தது. பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் புரிந்துவிட்டது.

“இத்தாச் சீலயிலயா பச்சப் புள்ளயக் கெடத்தப் போற? முஸீபத்து.”

உம்மா கொடியில் சீலையை உதறிப் போட்டபடி சொன்னா:

“நாலு மாசமும் பத்து நாளும் இந்தச் சீலையோடதான் தொழுதிரிக்கன். இதுல என்ன முஸீபத்து இரிக்கி?”

அந்தப் பெண் பிறகு பேசவில்லை. சகுனம் பார்ப்பது மார்க்கத்தில் இல்லை என்று மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். கட்டுரையும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கொடியடியில் என் அடிவயிறும் ஒரு கணம் சில்லிட்டது உண்மை. உம்மாவின் வார்த்தைக்குப் பிறகுதான் அது போனது. அந்தச் சீலைகளில் எட்டு விரிப்பு வந்தது.

இன்னும் ஒன்று பாக்கி. ஏணை. பகலில் அழும் பிள்ளையை ஆட்டித் தூங்கவைக்க ஏணையில்லாமல் எங்கள் வீடுகளில் முடியாது. அதற்கு நீளமான, உறுதியான சீலை வேண்டும். மாமியின் அலுமாரியில் அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். 2004 நவம்பரில் வந்த நோன்புப் பெருநாளுக்கு வாப்பா தன் மச்சானுக்கென்று நெய்து கொடுத்த சாரன். நீலமும் வெள்ளையும் கட்டம். மாமா ஒரு தரமும் உடுக்கவில்லை. டிசம்பருக்குப் பிறகு அதை உடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வாப்பாவின் கைப்பட்ட சீலையில் இந்த உலகத்தில் எங்களிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஒரு குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். மாமி இல்லாத ஒரு நேரத்தில் அந்தச் சாரனை எடுத்துச் சாணால் அளந்து பார்த்தேன். வெட்டினால் எத்தனை விரிப்பு வரும் என்று கணக்கும் பார்த்தேன். நான் அவர் மகள், எனக்கு உரிமை என்று நினைத்தேன். மாமி அவர் தங்கை என்பது அந்த நேரம் நினைவில் வரவில்லை.

மாமி கண்டிருக்க வேண்டும். ஓர் அசருக்குப் பிறகு சாரனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தா. “காக்காட பேரப் புள்ளக்குத்தானே. வெட்டு” என்றா. குரல் உடைந்துபோனது. நான் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. எடுக்கும் தைரியம் இருக்கவில்லை.

உம்மாதான் வந்து சாரனை விரித்தா. மூட்டின் மேல் விரலை ஓட்டினா.

“என்னத்துக்கு வெட்டுற? சாரன் சாரனாவே இரிக்கட்டும். இதுக்குள்ளால கயித்தப் போட்டா ஏணைதானே.”

உண்மைதான். மூட்டிய சாரன் ஒரு வளையம். நடுவால் கயிற்றைக் கோத்து வளையில் கட்டி, விரிந்திருக்க ஒரு தடியை வைத்தால் கீழ்ப்பக்கம் பிள்ளைக்குத் தொட்டில். பாரம் முழுவதும் மூட்டிலேதான் இறங்கும் என்பதால் அதை மட்டும் மீண்டும் தைத்தோம். உம்மா நூலை இரட்டையாக்கி மெழுகுதிரியில் இழுத்தா. ஒரு நுனியிலிருந்து உம்மாவும் மறு நுனியிலிருந்து நானும் தைத்து வந்து நடுவில் சந்தித்தோம். மாமி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தா. முடிந்ததும் மூன்று தேங்காயை உள்ளே போட்டு ஆட்டிப் பார்த்தோம். மாமி சிரித்தா. அந்த வீட்டில் டிசம்பருக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

மே மாத நடுவில் மகன் பிறந்தான். இவர் பாங்கு சொன்னார். உம்மாவின் வெள்ளை விரிப்பில் அவனைச் சுற்றித் தந்தார்கள். கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அப்போது சொல்லியிருந்தபடியால் ஊருக்குத் திரும்ப வழியிருக்கவில்லை. மாமியின் வீட்டு வளையில்தான் வாப்பாவின் சாரன் ஆடியது. ஆறு மாதத்தில் மகன் ஏணைக்குப் பெரியவனானான். உம்மா சாரனைத் துவைத்து, மடித்து மாமாவிடம் கொடுத்தா. அந்த வருட நோன்புப் பெருநாளைக்கு மாமா அதை உடுத்துப் பள்ளிக்குப் போனார். வெட்டியிருந்தால் அதைக் கண்டிருக்கமாட்டோம்.

உம்மாவும் மாமாவும் இப்போது இல்லை. மாமி மௌத்தாவதற்கு முந்திய வருடம் சாரனை என்னிடம் தந்துவிட்டா. மாமா உடுத்து உடுத்துச் சீலை நூலாம்படை போல் மெலிந்துவிட்டது. இனி ஒரு பிள்ளையின் பாரத்தை அது தாங்காது. இந்தக் காலத்து டொக்டர்மார், பச்சைப் பிள்ளை தூங்குவதற்கு மட்டமான, உறுதியான படுக்கைதான் நல்லது, மல்லாக்கப் படுக்கவையுங்கள், தலையணையும் மெத்துமெத்தான சாமான்களும் பக்கத்தில் வேண்டாம் என்கிறார்கள். மகளும் அதைத்தான் செய்கிறாள். சரியான பேச்சு. அந்தப் படுக்கையின் மேல் இறுக்கி விரிக்க ஒரு மெல்லிய விரிப்புப் போதும்.

நேற்று சுபஹுக்குப் பிறகு சாரனை விரித்து, மூட்டில் நாங்கள் இரண்டு பேரும் தைத்த இரட்டை நூலைப் பிரித்தேன். பிரிக்க வெகுநேரம் எடுத்தது. நடுவில் எங்கே உம்மாவின் தையல் முடிந்து என்னுடையது தொடங்குகிறது என்பது பார்த்ததும் தெரிந்தது; அவவுடையது அரிசிமணி, என்னுடையது நெல்மணி. பிறகு கத்தரிக்கோலை எடுத்து, பிஸ்மி சொல்லி வெட்டினேன். இரண்டு விரிப்பு வந்தது.

ஒன்றுக்கு ஓரம் மடித்துவிட்டேன். முடிச்சு வெளிப்பக்கம்.